பூச்சிக்கொல்லி எச்ச வரம்பும் விளைபொருள் ஏற்றுமதியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏற்றுமதியில் இறங்க நினைக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் சிறு வியாபாரிகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஒரு எச்சரிக்கையுடன் தொடங்குகிறேன்: எச்ச வரம்புகள் ஆண்டுக்குப் பலமுறை மாறுகின்றன. விவகாரம் எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ளத்தான் கீழே எண்களைக் கொடுத்திருக்கிறேன். சரக்கு ஏற்றும் வாரத்தில் இறக்குமதி செய்யும் நாட்டின் பட்டியலை நேரடியாகப் பார்த்துவிடுங்கள்.

எச்ச வரம்பு என்றால் என்ன? அதைத் தாண்டினால் அந்தப் பொருள் விஷமா?

அறுவடைக்குப் பிறகு விளைபொருளில் சட்டம் அனுமதிக்கும் மருந்தின் உச்ச அளவுதான் எச்ச வரம்பு. ஒரு கிலோ பொருளில் எத்தனை மில்லிகிராம் என்று கணக்கிடுவார்கள். பழைய வழக்கில் பி.பி.எம்.

பலர் நினைப்பதுபோல, நஞ்சு தொடங்கும் இடத்தில் போட்ட கோடு அல்ல இது. ஒரு மருந்தைப் பரிந்துரைத்த அளவில், பரிந்துரைத்த முறையில் தெளித்து, சொன்ன நாள் காத்திருந்து அறுத்தால் எவ்வளவு மிஞ்சும் என்று வயலிலேயே சோதனை நடத்திப் பார்க்கிறார்கள். அந்த அளவை ஒட்டி வரம்பு தீர்மானிக்கப்படுகிறது. உடல்நலக் கணக்கு தனியாக ஓடுகிறது. ஆய்வக விலங்குகளுக்குப் பாதிப்பு தராத அளவைக் கண்டுபிடித்து, வழக்கமாக அதை நூறால் வகுத்து, ஒரு மனிதர் வாழ்நாள் முழுவதும் தினமும் உட்கொள்ளக்கூடிய அளவாக வைக்கிறார்கள். வயல் கணக்கில் வந்த எண் உடல்நலக் கணக்குக்குள் அடங்கினால்தான் வரம்பாகும்.

ஆகவே வரம்பை மீறிய ஒரு பிடி அரிசியைத் தின்றவர் சாகப்போவதில்லை. ஆனால் எங்கோ யாரோ சொன்னபடி தெளிக்கவில்லை, அல்லது அந்த நாடு ஏற்காத மருந்தைத் தெளித்திருக்கிறார் என்பதற்குப் பெரும்பாலும் அது அடையாளம். எல்லையில் சரக்கை நிறுத்த அது போதும்.

எங்கே பார்த்தாலும் 0.01 என்ற எண் வருகிறதே, அது என்ன?

ஒரு மருந்துக்கும் ஒரு பயிருக்கும் தனியாக வரம்பு வகுக்கப்படாதபோது தானாகப் பொருந்தும் எண் அது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 396/2005 என்ற ஒழுங்குமுறையின்படி கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். ஜப்பானில் 2006 மே மாதத்திலிருந்து அதே எண். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் பொதுவாக அதையே வைத்திருக்கிறது. மசாலாப் பொருள்களுக்கு மட்டும், இந்தியாவில் பதிவாகாத மருந்து என்றால் 0.1 வரை போகலாம் என்று 2024 ஏப்ரலில் தளர்த்தியது.

நூறு டன் சரக்கில் ஒரு கிராம் மருந்து இருந்தால் 0.01. இருபத்தைந்து டன் அரிசி ஏற்றிய கன்டெய்னருக்குக் கால் கிராம். ஆய்வகக் கருவி நம்பகமாக அளக்கக்கூடிய அடிமட்டத்தை ஒட்டி வைத்த எண் என்பதால் நடைமுறையில் அதற்கு ஒரே பொருள்தான்: 'இந்த மருந்து இருக்கவே கூடாது.'

கூட்டாகச் சரக்குச் சேர்ப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். நூறு மூட்டையில் தொண்ணூற்றொன்பது சுத்தம், ஒரே ஒரு மூட்டையில் மட்டும் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் இருக்கிறது என்று வையுங்கள். எல்லாவற்றையும் கொட்டிக் கலந்தால் சராசரி 0.01 ஆகிவிடும். ஒருவர் செய்தது நூறு பேர் தலையில் விடிகிறது.

ஒரே அரிசிதான். அமெரிக்கா வாங்குகிறது, ஐரோப்பா திருப்புகிறது. ஏன்?

இதற்குப் பாஸ்மதியின் கதையைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது.

நெல்லுக்கு வரும் குலை நோயைக் கட்டுப்படுத்த டிரைசைக்ளசோல் என்ற பூஞ்சாணக்கொல்லியைப் பல்லாண்டுகளாகத் தெளித்து வருகிறார்கள். பஞ்சாப், அரியானா பாஸ்மதி வயல்களில் இது கிட்டத்தட்டக் கட்டாய மருந்து போலவே இருந்தது, ஏனென்றால் பெயர்பெற்ற பாஸ்மதி ரகங்கள் பலவும் குலை நோய்க்கு எளிதில் பலியாகும். ஐரோப்பிய ஒன்றியம் 2008-லேயே இந்த மருந்துக்குத் தன் மண்ணில் அனுமதி மறுத்துவிட்டது. ஆனாலும் இறக்குமதி அரிசியில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் வரை விட்டுவைத்திருந்தது. 2017-இல் அந்த வரம்பை 0.01 ஆக்கியது. காரணமாகச் சொன்னது, மருந்தின் நச்சுத்தன்மை பற்றிய ஆதாரங்கள் போதவில்லை என்பது. நூறில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டு, பாஸ்மதிக்குச் சில மாத அவகாசம் மட்டும் கொடுத்தார்கள். இந்தியா கூடுதல் காலம் கேட்டது, கிடைக்கவில்லை. அதே காலத்தில் அமெரிக்காவின் வரம்பு 3. ஐரோப்பாவின் எண்ணைப் போல முந்நூறு மடங்கு.

ஒரே மருந்து, ஒரே அரிசி, ஒரே வகை மனித வயிறு. எண் மட்டும் முந்நூறு மடங்கு வேறுபடுகிறது. மருந்து நிறுவனம் எந்த நாட்டில் ஆதாரங்களைத் தாக்கல் செய்தது, எந்த நாடு அவற்றை ஏற்றது, சந்தேகம் வந்தால் எந்தப் பக்கம் சாய்வது என்பதில் அந்த நாட்டின் கொள்கை என்ன, இவற்றில் இருந்துதான் வேறுபாடு பிறக்கிறது.

ஐரோப்பாவுக்குப் போகும் பாஸ்மதியில் பெரும்பகுதி தவிடு நீக்காத அரிசியாகப் போகிறது. அங்கே அதற்குத் தீர்வைச் சலுகை உண்டு, தீட்டும் வேலையையும் அங்கேயே வைத்துக்கொள்வார்கள். எச்சம் அதிகமாக ஒட்டிக்கொள்ளும் பகுதியும் தவிடுதான். தீட்டிய அரிசியில் தப்பித்திருக்கக்கூடிய சரக்கும் இந்த வகையில் மாட்டிக்கொண்டது.

பஞ்சாப் அரசு 2022-இல் டிரைசைக்ளசோல் உட்படப் பத்து மருந்துகளின் விற்பனையைப் பாஸ்மதிப் பருவத்தில் 60 நாளுக்குத் தடை செய்தது. அடுத்த ஆண்டும் அப்படியே. ஆனால் பக்கத்து வயலில் சாதா நெல் இருக்கும் ஊரில், 'பாஸ்மதிக்கு மட்டும்' என்ற தடையை எந்த மருந்துக்கடைக்காரர் எப்படிக் காப்பாற்றுவார்? என் கணிப்பில் உருப்படியான தீர்வு வந்தது நெல் ஆராய்ச்சியிலிருந்துதான். டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 2021-இல் பூசா பாஸ்மதி 1847, 1885, 1886 என்று குலை நோயையும் பாக்டீரியா இலைக்கருகலையும் தாங்கும் ரகங்களை வெளியிட்டது. பழைய 1509, 1121, 1401 ரகங்களின் திருத்திய வடிவங்கள் அவை. நோய் தாக்காத நெல்லுக்கு மருந்தே வேண்டாம். எச்ச வரம்பு எதுவாக இருந்தால்தான் என்ன?

உண்மையைச் சொல்லுங்கள், இது மறைமுக வர்த்தகத் தடைதானே?

சில நேரம் ஆம், சில நேரம் இல்லை. எந்தச் சரக்கு நிராகரிக்கப்பட்டாலும் சதி என்பவர்களோடும், வெளிநாட்டு ஆய்வகம் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்பவர்களோடும் என்னால் ஒத்துப்போக முடியவில்லை.

பொதுவான அளவுகோல் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து 1963 முதல் நடத்தும் கோடெக்ஸ் ஆணையம் உலகப் பொது வரம்புகளை வகுக்கிறது. உலக வர்த்தக அமைப்பின் சுகாதார உடன்படிக்கை 1995-இல் நடைமுறைக்கு வந்தது. கோடெக்ஸை ஒட்டி நடந்தால் யாரும் கேள்வி கேட்க முடியாது; அதைவிடக் கடுமையாகப் போக விரும்பும் நாடு அறிவியல் காரணம் காட்ட வேண்டும் என்கிறது அந்த உடன்படிக்கை. காரணம் காட்டுவது அப்படியொன்றும் கடினமல்ல. 'ஆதாரம் போதவில்லை' என்பதே காரணமாகிவிடுகிறது.

சுகாதாரம் என்ற எல்லையையும் தாண்டி ஐரோப்பா இப்போது ஒரு அடி வைத்திருக்கிறது. தயாமீத்தாக்சம், குளோதியானிடின் என்ற இரு மருந்துகளின் வரம்பைப் பெரும்பாலும் அளக்கக்கூடிய அடிமட்டத்துக்கே இறக்கும் ஒழுங்குமுறையை 2023-இல் கொண்டுவந்தது. 2026 மார்ச் முதல் பொருந்தும் என்று தேதியும் குறித்தது. உண்பவரின் உடல்நலம் இங்கே முதன்மைக் காரணம் அல்ல. உலகெங்கும் தேனீக்களும் பிற மகரந்தச் சேர்க்கைப் பூச்சிகளும் அழிகின்றன என்பதே காரணம். தேனீயைக் காப்பது நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் தன் சந்தையின் கதவை வைத்து இன்னொரு நாட்டு வயலில் என்ன தெளிக்கலாம் என்று தீர்மானிப்பது புது வழக்கம்.

தங்கள் நாட்டில் தடைசெய்த மருந்தைத் தயாரித்து வெளிநாட்டுக்கு விற்கும் தொழிற்சாலைகள் ஐரோப்பாவில் இருக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரான்ஸ் 2022 முதல் அதற்குச் சட்டத்தடை போட்டது. மருந்தை விற்றுவிட்டு, அந்த மருந்து பட்ட விளைபொருளைத் திருப்பி அனுப்புவதை எந்த அறிவியலாலும் நியாயப்படுத்த முடியாது.

இங்கே சோதித்துச் சான்றிதழ் வாங்கிய சரக்கு அங்கே போய்த் தோற்பது எப்படி?

மூன்று வழிகள் உண்டு. முதல் வழியைப் புரிந்துகொள்ள 2010-ஆம் ஆண்டு திராட்சைக்குப் போக வேண்டும்.

மகாராஷ்டிரத்தின் நாசிக் வட்டாரத் திராட்சை அதற்குள் ஏற்றுமதியில் முன்மாதிரி என்று பெயரெடுத்திருந்தது. 2003-இல் நெதர்லாந்தில் மெத்தோமில் என்ற பூச்சிக்கொல்லியின் எச்சம் பிடிபட்டு ஒருமுறை சூடுபட்டபின், ஆண்டுதோறும் எச்சக் கண்காணிப்புத் திட்டம், புனேயில் தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையத்தில் மேல்நிலை ஆய்வகம், 2006-இலிருந்து ஒவ்வொரு தோட்டத்தையும் பதிவு செய்து பெட்டி வரை தடம் பிடிக்கும் கிரேப்நெட் என்ற இணைய ஏற்பாடு என்று எல்லாம் வந்திருந்தன. பட்டியலில் இருந்த மருந்துகள் அத்தனையும் சோதிக்கப்பட்டன. குளோர்மெக்வாட் குளோரைடு என்ற வளர்ச்சி ஒடுக்கி அந்தப் பட்டியலில் இல்லை. பூச்சியையும் பூஞ்சாணத்தையும் கொல்லும் மருந்து அல்ல அது. ஏப்ரல் கவாத்துக்குப் பிறகு கொடி கட்டுக்கடங்காமல் ஓடாதிருக்கத் தெளிப்பது. தெளித்துப் பல மாதம் கழித்துத்தான் காய் அறுவடைக்கு வரும், அதற்குள் போய்விடும் என்பது எல்லோருடைய எண்ணம். கொடிக்குள்ளேயே தங்கியிருந்து அது பழத்தில் ஏறியது. ஐரோப்பிய வரம்பு 0.05. கப்பல்கள் போய்ச் சேர்ந்த பிறகுதான் அங்குள்ள ஆய்வகங்கள் அந்த மருந்தையும் தேடின. துறைமுகங்களில் தேங்கிய சரக்கை விற்கவும் முடியாமல், திருப்பவும் முடியாமல் ஏற்றுமதியாளர்கள் தவித்தார்கள். தோட்டக்காரர்களுக்குப் பணம் வரவில்லை. தேடிய மருந்து எதுவும் இல்லை என்றுதான் இந்தியச் சான்றிதழ் சொன்னது. அது உண்மையும்கூட.

ஆய்வக அறிக்கையை வாங்கியதும் கீழே உள்ள கையெழுத்தைப் பார்க்காதீர்கள். எத்தனை மருந்துகளைத் தேடினார்கள், எந்த அடிமட்ட அளவு வரை தேடினார்கள் என்று பாருங்கள். 'பி.எல்.க்யூ.' என்று ஒரு பத்தி முழுக்க வரிசையாக இருக்கும்; அளக்கக்கூடிய அளவுக்குக் கீழே என்று பொருள். அந்த அளவு 0.05 என்று போட்டிருந்தால், 0.01 கேட்கும் நாட்டுக்கு அந்த அறிக்கை வெறும் தாள்.

இரண்டாவது வழி, மாதிரி எடுப்பது. இருபது டன் சரக்கிலிருந்து சில கிலோ எடுத்து, அரைத்து, அதிலிருந்து பத்து கிராம் அளவுக்குத்தான் சோதனைக் குழாயில் போடுகிறார்கள். கரைப்பானில் குலுக்கி, வடித்து, கடைசியில் கருவிக்குள் ஊசியால் ஏற்றுவது சில மைக்ரோலிட்டர். வயலின் ஒரு மூலையில் தெளிப்பான் இரண்டு முறை போயிருந்தால் அந்த மூலை மூட்டை இங்கே மாட்டாமல் அங்கே மாட்டலாம்.

மூன்றாவது, வாங்குபவரின் சொந்த வரம்பு. அரசு ஆய்வகங்கள் அளவீட்டில் இருக்கும் தடுமாற்றத்துக்கு ஐரோப்பாவில் 50 சதவீதம் கழிவு கொடுக்கின்றன, 0.018 என்று வந்தால் சட்டப்படி 0.01-ஐத் தாண்டியதாக எடுத்துக்கொள்வதில்லை. சூப்பர் மார்க்கெட் கொள்முதல் அதிகாரி அந்தக் கழிவையெல்லாம் கேட்கமாட்டார். ஜெர்மானியச் சங்கிலிக் கடைகள் சில, சட்ட வரம்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்றும், எல்லாம் வரம்புக்குள் இருந்தாலும் மொத்தம் இத்தனை மருந்துக்கு மேல் தென்படக்கூடாது என்றும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகின்றன.

கடைக்காரர் கொடுத்ததைத்தான் தெளித்தேன். நான் எப்படிக் குற்றவாளி?

எச்சம் தீர்மானமாவது பெரும்பாலும் மருந்துக்கடைக் கல்லாவில்தான். இலையைப் பறித்துக்கொண்டு போய்க் காட்டினால் கடைக்காரர் இரண்டு பாட்டிலும் ஒரு பொட்டலமும் எடுத்து வைப்பார். எந்தப் பயிர் என்று கேட்பார்; எந்த நாட்டுக்குப் போகிறது என்று கேட்கமாட்டார். ரசீதும் பல இடங்களில் கிடையாது.

இந்தியாவில் 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி ஒவ்வொரு மருந்தும் இந்தப் பயிருக்கு, இந்தப் பூச்சிக்கு என்று பதிவாகிறது. அந்த விவரம் பாட்டிலோடு வரும் மடித்த தாளில் இருக்கிறது. கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத எழுத்தில். பரப்பளவு குறைந்த பயிர்களுக்கு வயல் சோதனை நடத்திப் பதிவு வாங்க எந்த நிறுவனமும் செலவு செய்வதில்லை. கறிவேப்பிலைக்கு என்று பதிவான மருந்துகளைத் தேடினால் கை நிறையக் கிடைக்காது. ஆனால் செதில் பூச்சியும் அசுவினியும் பதிவைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. பருத்திக்கும் மிளகாய்க்கும் உள்ள மருந்து கறிவேப்பிலைக்கு ஏறுகிறது.

விளைவு ஐரோப்பிய எல்லையில் தெரிகிறது. எச்சப் பிரச்சினைக்காகக் கூடுதல் சோதனை நடத்தும் பொருள்களின் பட்டியலை அவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்துகிறார்கள். அதில் இந்தியக் கறிவேப்பிலை பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறது. பாதிச் சரக்குகளை நிறுத்திச் சோதிக்கும் அளவுக்குச் சதவீதம் ஏறியது. விமானத்தில் போகும் பச்சை இலைக்கு ஆய்வக முடிவு வரும்வரை ஆயுள் இருக்காது. தேறினாலும் இலை வாடியிருக்கும்.

வெளிநாடு வரை போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக் காய்கறிகளிலும் கறிவேப்பிலையிலும் எச்சம் அதிகம் என்று 2015-இல் கேரளம் எழுப்பிய சர்ச்சை நினைவிருக்கும். அரசியல் கலந்திருந்தது என்பது உண்மை; வயலில் நடந்ததும் உண்மை.

காத்திருப்புக் காலத்தைக் கடைப்பிடித்தால் போதாதா?

பதிவான மருந்து, பதிவான பயிர், சொன்ன அளவு என்றால் உள்நாட்டு வரம்புக்குப் போதும். ஏற்றுமதிக்குப் போதும் என்ற உத்தரவாதம் இல்லை. நம் பாட்டிலில் உள்ள காத்திருப்பு நாள் நம் நாட்டு வரம்பை வைத்துக் கணக்கிட்டது. வாங்கும் நாட்டின் வரம்பு 0.01 என்றால் அந்த நாள்கள் செல்லாது.

வெண்டை, மிளகாய் போன்றவற்றில் இன்னொரு சங்கடம். வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தாக வேண்டும், இல்லாவிட்டால் முற்றிவிடும். ஏழு நாள் காத்திருக்கச் சொல்லும் மருந்தை அடித்தால் இடையில் மூன்று பறிப்பைக் கீழே கொட்ட வேண்டும். யாரும் கொட்டுவதில்லை. காய்ப்புப் பருவத்தில் ஓரிரு நாள் காத்திருப்புள்ள மருந்துகளையோ உயிரியல் முறைகளையோ மட்டும் வைத்துக்கொள்வதே நடக்கக்கூடிய வழி.

பாட்டிலில் உள்ள முக்கோண நிறத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்பவை உடனடி நச்சுத்தன்மையின் வரிசை. பச்சை முக்கோண மருந்தும் எல்லையில் சரக்கை நிறுத்தும்.

உலர்த்தினால் எச்சம் குறையுமா, கூடுமா?

மருந்தில் ஒரு பகுதி சூட்டில் போகும். தண்ணீர் அதைவிட வேகமாகப் போகும். எனவே கிலோவுக்கு என்று பார்த்தால் பெரும்பாலும் கூடும். ஐந்து கிலோ பச்சை ஏலக்காய் ஒரு கிலோவாகிறது. பச்சை மிளகாயிலிருந்து வற்றலுக்குப் போகும்போது கோடெக்ஸ் பத்து மடங்கு என்று கணக்கு வைக்கிறது. இடுக்கித் தோட்டங்களில் மருந்து தெளிக்கும் முறை மாறாமல் போடிநாயக்கனூர் ஏலத்தில் விலை மட்டும் ஏற வேண்டும் என்றால் நடக்காது.

நான் தெளிக்காத மருந்து அறிக்கையில் வருகிறது. ஆய்வகம் தவறு செய்ததா?

தவறலாம், ஆனால் முதலில் மற்றவற்றைப் பாருங்கள். பக்கத்து வயலிலிருந்து காற்றில் வந்திருக்கலாம். வாடகைக்கு எடுத்த தெளிப்பானின் தொட்டியில் நேற்றைய மருந்து மிச்சம் இருந்திருக்கலாம். 'மூலிகை', 'உயிரி' என்று விற்கும் பாட்டிலில் ரசாயனம் கலந்திருக்கலாம். இது நாம் நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது, மருந்து கேட்காத பூச்சி மறுநாளே செத்து விழுந்தால் சந்தேகப்படுங்கள்.

யாருமே தெளிக்காத எச்சமும் உண்டு. தேயிலையில் ஆந்த்ராகுயினோன் என்ற பொருளுக்கு ஐரோப்பாவில் 0.02 என்று வரம்பு. ஏட்டில் அது பறவை விரட்டி மருந்து. எந்தத் தோட்டத்திலும் அதைத் தெளிப்பதில்லை. தேயிலையை உலர்த்த விறகு எரிக்கும்போது புகை கசிந்து இலையில் படிந்தால் வந்துவிடுகிறது. சில வேளைகளில் அட்டைப்பெட்டியிலிருந்தும் வருகிறது. உலர்த்தியின் ஓட்டையை அடைக்க வேண்டியவர் தோட்டத்தில் மருந்துப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

மசாலாப் பொடிகளில் எத்திலீன் ஆக்சைடு என்று செய்தி வந்ததே, அதுவும் இதுதானா?

அதே சட்டத்தின் கீழ்தான் வருகிறது, ஆனால் வயலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. சால்மோனெல்லா போன்ற கிருமிகளைக் கொல்லக் கிடங்கில் செலுத்தும் வாயு அது. 2020-இல் ஐரோப்பாவுக்குப் போன இந்திய எள்ளில் பிடிபட்டு, அந்த எள்ளைத் தூவிய ரொட்டி முதல் பிஸ்கட் வரை கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். 2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் சில இந்திய மசாலாப் பொடிகளை நிறுத்தின. அமெரிக்காவோ மசாலாவில் 7 பி.பி.எம். வரை அனுமதிக்கிறது, ஐரோப்பாவில் 0.1, அதுவும் சிதைந்து உருவாகும் குளோரோஎத்தனாலையும் சேர்த்து. கிருமி இருந்தாலும் திருப்புவார்கள், கிருமியைக் கொன்ற வாயு இருந்தாலும் திருப்புவார்கள். நீராவியால் கிருமிநீக்கம் செய்வது இதற்கு மாற்று. செலவு கூடும், மணம் சற்றுக் குறையும்.

பிரச்சினையான மருந்தைத் தடைசெய்துவிட்டால் முடிந்துவிடாதா?

இலங்கைத் தேயிலை என்ன பட்டது என்று பாருங்கள். சிறுநீரக நோய் அச்சத்தால் 2015-இல் அங்கே கிளைபோசேட் களைக்கொல்லியைத் தடை செய்தார்கள். மலையகத் தோட்டங்களில் களை நின்றுவிடவில்லை. கையால் பிடுங்க ஆளும் போதவில்லை. சில தோட்டங்கள் எம்.சி.பி.ஏ. போன்ற வேறு களைக்கொல்லிகளுக்குப் போயின. ஜப்பானில் தேயிலைக்கு அந்த மருந்துக்கென்று தனி வரம்பு இல்லை, ஆகவே 0.01. சரக்குகள் பிடிபட்டன. 2018 ஜூலையில் தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டும் கிளைபோசேட் தடையை விலக்கினார்கள். மாற்று என்ன என்று யோசிக்காமல் ஒன்றைத் தடுத்தால், அந்த இடத்துக்கு வருவது வாங்குபவரின் பட்டியலில் இன்னும் மோசமான இடத்தில் இருக்கலாம்.

கழுவினால் போகுமா?

மேலே படிந்தது ஓரளவு போகும். செடிக்குள் ஊடுருவும் மருந்து போகாது.

இயற்கை விவசாயச் சான்றிதழ் இருக்கிறது. எச்சச் சோதனை வேண்டுமா?

மற்றவர்களைவிட உங்களுக்குத்தான் அதிகம் வேண்டும். சிறிது தென்பட்டாலும் சரக்கோடு சேர்த்துச் சான்றிதழையும் கேள்வி கேட்பார்கள்.

சரக்கு நிறுத்தப்பட்டால் செலவு யாருடையது?

ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதன்படி. பெரும்பாலும் ஏற்றுமதியாளர் தலையில். ஆய்வகக் கட்டணம், குளிர்சாதன இணைப்போடு துறைமுகத்தில் காத்திருந்த நாளுக்கான வாடகை, அழிக்கும் கூலி அல்லது திரும்பிவரும் கப்பல் கட்டணம் என்று வரிசையாக வரும். செய்தி ஐரோப்பிய எச்சரிக்கை வலையமைப்பில் ஏறி எல்லா நாடுகளுக்கும் போகும். ஏற்றுமதியாளர் அடுத்த கொள்முதலில் விவசாயிக்கு விலையைக் குறைத்து அதை மெல்ல ஈடுகட்டிக்கொள்வார். மருந்தை விற்ற கடைக்கும் தயாரித்த நிறுவனத்துக்கும் இதில் ஒரு பைசா நட்டமில்லை. சங்கிலியில் அறிவுரை சொல்பவர் ஒருவர், அபராதம் கட்டுபவர் வேறொருவர் என்றிருக்கும்வரை எச்சம் குறையாது என்பது என் கருத்து.

திரும்பிவந்ததை இங்கே விற்கலாமா?

இந்திய வரம்புக்குள் இருந்தால் சட்டப்படி விற்கலாம். மீறியிருந்தால் கூடாது. அங்கே தோற்றது இங்கே தேறும் வாய்ப்பு இருக்கிறது. ஆனால் இங்கே சோதித்துப் பார்க்காமலேயே சந்தைக்குப் போய்விடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை.

சிறு விவசாயிகள் குழுவாக ஏற்றுமதிக்குக் கொடுக்கிறோம். எங்கே தொடங்குவது?

வாங்குபவரிடமிருந்து. எந்த நாடு, எந்த மருந்துக்கு என்ன வரம்பு, கடையின் தனி நிபந்தனை என்ன என்று விதைப்பதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். அதை இங்கு பதிவான மருந்துகளோடு ஒப்பிட்டு, இரண்டிலும் தேறும் மருந்துகளை மட்டும் ஒரு தாளில் தமிழில் எழுதி உறுப்பினர் வீடுகளில் ஒட்டுங்கள். எட்டு, பத்துப் பெயர்தான் தேறும். வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்திலோ கே.வி.கே. எனப்படும் வேளாண் அறிவியல் நிலையத்திலோ சரிபார்த்துக்கொள்ளலாம்.

மருந்தைக் குழுவே மொத்தமாக வாங்கி ரசீதோடு கொடுத்தால் பாதிச் சிக்கல் குறையும். தெளித்த தேதி, மருந்து, அளவு, தெளித்தவர் பெயர் ஆகியவற்றை அன்றைக்கே எழுத வேண்டும். அறுவடைக்குப் பின் ஒரே பேனாவில் ஒரே உட்காரலில் எழுதிய பதிவேட்டைத் தணிக்கைக்கு வருபவர் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். ஏற்றுமதி வயலுக்குத் தனித் தெளிப்பான் வையுங்கள்.

சோதனைக்குப் பணம் இருப்பது ஒரே ஒரு முறைக்கு என்றால், மூட்டை கட்டிய பிறகு செய்யாதீர்கள். அறுவடைக்குப் பத்து நாள் முன்னதாக வயல்வாரியாக மாதிரி எடுங்கள். அப்போது ஒரு வயல் தோற்றால் அதை ஒதுக்கலாம், இன்னும் சில நாள் விட்டு மறுபடி பார்க்கலாம். எல்லாம் ஒரே குவியலில் கொட்டிய பிறகு தோற்றால் யாருடைய வயல் என்று கேட்பதற்குக்கூட வழியிருக்காது.

வரம்புகளை எங்கே பார்ப்பது?

ஐரோப்பிய ஆணையத்தின் பூச்சிக்கொல்லித் தரவுத்தளம் எல்லோருக்கும் திறந்தது; மருந்தின் பெயரும் பயிரும் கொடுத்தால் இன்றைய எண்ணும், அது எந்தத் தேதியில் மாறப்போகிறது என்பதும் வரும். பிரிட்டன் விலகிய பிறகு அதற்குத் தனிப் பட்டியல் இருக்கிறது, இரண்டும் ஒன்றே என்று எண்ணிவிடாதீர்கள். கோடெக்ஸ், ஜப்பான், அமெரிக்கா ஆகியவற்றின் பட்டியல்களும் இணையத்தில் உள்ளன. வணிகப் பெயரைப் போட்டால் எதுவும் கிடைக்காது. பாட்டிலில் சிறிய எழுத்தில் இருக்கும் வேதிப்பொருளின் பெயரைத்தான் போட வேண்டும். இரண்டு மருந்து கலந்த பாட்டில் என்றால் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.